பதுளையில் ஒரு வேலை

786
மருதானை, கொழும்பு.
14.9.1981

அன்புள்ள ஹாஜறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அப்படியே வைத்துக்கொள்.

சொல்லாமல் வந்தது பிழை. மாமா சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, களவெடுத்தவன் போல முதல் பஸ்ஸுக்கு ஓடியது அதைவிடப் பிழை. ஆனால் இன்னும் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏதாவது பேசியிருப்பேன்.

மாமா எனக்காக முன்னறை கட்டி, நீலம் பூசி, ஓடாவியைக் கொண்டு நோயாளி படுக்கக் கட்டிலும் செய்வித்து, பெயர்ப்பலகையும் மாட்டி வைத்திருந்ததை நான் லண்டனிலிருந்து வந்திறங்கிய அன்றுதான் கண்டேன். நாலு வருடமாக எத்தனை கடிதம் எழுதினாய், ஒன்றிலாவது இதைச் சொன்னாயா? நானும் யோக்கியன் இல்லை. சத்திரசிகிச்சை படிக்கப் போனவன், அந்தப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மயக்க மருந்துப் படிப்புக்கு மாறினேன். மாறிய பிறகு அது எனக்குப் பிடித்துப் போய்விட்டது. 'மயக்க மருந்து நிபுணர்' என்று உங்களுக்கு ஒரே ஒரு முறை எழுதினேன். நீங்கள் எல்லோரும் 'நிபுணர்' என்பதை மட்டும் வாசித்தீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் அந்த அறையில் இருந்து மூக்கடைத்த தடிமலுக்கும் சொறிக்கும் மருந்து எழுதினேன். பத்தாம் நாள் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு பெண் கழுத்தில் கட்டியோடு வந்தாள். சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தேன். வாங்குப் பலகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, மாமா கேட்டார்: "என்ன மருமகன், லண்டனுக்குப் போய்ப் படிச்சது இன்னொரு டொக்டருக்குத் துண்டு எழுதவா?" உள்ளே வந்து உன்னிடம் சொன்னேன். நீ தங்கச்சி சுபைறாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "ஆக்கள உறங்க வெக்கிறதுக்கா நாலு வருசம்?" என்றாய்.

மாமா சொன்னதை அன்றே மறந்துவிட்டேன். நீ சொன்னதை மறக்க முடியவில்லை.

இங்கே தற்காலிகமாக ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். நிரந்தர இடம் கேட்டு அமைச்சில் நாளுக்கு நாள் வரிசையில் நிற்கிறேன். நம் மாவட்டத்தில் என் வேலைக்கு இன்னும் பதவியே உண்டாக்கவில்லை. மட்டக்களப்பில் ஆள் இருக்கிறார். மகளுக்கு ஊசி போடும் திகதி பிந்தாமல் பார்த்துக்கொள்.

முத்தலிப்


சாய்ந்தமருது.
23.9.1981

அன்புள்ள மச்சான் அறிய ஹாஜறா எழுதுவது,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் முதல் பஸ்ஸில் ஏறினீர்கள். வாப்பா பள்ளியால் வரும்போது வெற்றிலைக் கடைக்காரர் கூப்பிட்டு, "போடியார், டொக்டர் கொழும்பு பஸ்ல போறாரே, ஏதும் விசேசமா?" என்று கேட்டிருக்கிறார். மருமகன் போன செய்தியை வாப்பா கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மூன்று நாள் அவர் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. வெற்றிலை இல்லாமல் இருந்தார். வாப்பா வெற்றிலை இல்லாமல் இருந்தால் இந்த வீட்டில் எல்லோருக்கும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். "டொக்டர் அவசர வேலையாகக் கொழும்பில்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நேற்று ஒரு பெரியவர், "அப்ப நீயாவது ஒண்டு எழுதித் தாவன் புள்ள, டீச்சர்தானே" என்கிறார். சிரிப்பதா அழுவதா?

நான் சிரித்தது பிழைதான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வந்த பன்னிரண்டு நாளில் என்னோடு எத்தனை மணித்தியாலம் கதைத்தீர்கள்? நாலு வருடம் இந்த ஊர்ப் பெண்களெல்லாம் "இன்னும் வரல்லியா, இன்னும் வரல்லியா" என்று கேட்கக் கேட்க நான்தான் பதில் சொன்னேன். சுல்பிகா பிறந்ததை நீங்கள் தந்தியில் அறிந்தீர்கள். அவள் மூன்றரை வயதில் உங்களைக் கண்டாள். கண்டு, பயம் தெளிந்து, மடியில் வந்து உட்கார்ந்த இரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். "லண்டன் வாப்பா திரும்பி லண்டனுக்குப் போயிட்டாரா?" என்கிறாள். கொழும்பு என்றால் அவளுக்கு விளங்கவில்லை.

பலகையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். வாப்பா, "கெடக்கட்டும்" என்றார். அந்த மனிதர் ஆசையாகச் செய்தது மச்சான். தடிமலுக்கு மருந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இங்கேயே வந்து இருங்கள். பதவி உண்டாக்கும்போது உண்டாக்கட்டும்.

ஹாஜறா


மருதானை.
5.10.1981

அன்புள்ள ஹாஜறா,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா என்று கேட்காதே.

தடிமலுக்கு மருந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்கிறாய். கையில் பழகிய வேலை போய்விடும். ஆறு மாதம் போதும், விரல் மறந்துவிடும். நீ கேட்கவில்லை என்றாலும் என் வேலை என்னவென்று சொல்கிறேன். ஒருவனை வெட்டுவதற்கு முன் அவன் மூச்சை நான் வாங்கிக்கொள்கிறேன். வெட்டி முடியும்வரை அவனுக்காக நான் மூச்சுவிடுகிறேன். இடது கை அவன் தாடையில், வலது கை காற்றடிக்கும் பையில், கண் அவன் நகத்தின் நிறத்தில். முடிந்ததும் மூச்சைத் திருப்பிக் கொடுக்கிறேன். அவன் கண் விழித்து சத்திரசிகிச்சை டொக்டருக்குத்தான் நன்றி சொல்வான். அது எனக்குப் பழகிவிட்டது. வீட்டுக்காரர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது மூன்று இடம் தெரிகிறது. கொழும்பிலேயே இருக்கலாம், ஆனால் மூத்தவர்கள் நாலு பேருக்குப் பின்னால் ஐந்தாவதாக. சவூதிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறான், இரண்டு வருட ஒப்பந்தம், இங்கே பத்து வருடத்தில் காண முடியாத சம்பளம். மூன்றாவது பதுளை.

பதுளைக்குப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் தியேட்டர் சின்னது, சுத்தமானது. சத்திரசிகிச்சை டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வந்தால் நான் நிம்மதியாக வெட்டுவேன்" என்றார். என்னிடம் அப்படி ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. மலைச்சரிவில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் இருக்கிறது. முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று பத்து நிமிட நடை. உனக்கு மாற்றம் கேட்கலாம். பதில் சொல்ல டிசம்பர் முடியும்வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறான் என்று எனக்குத் தெரியாதா? நானே அப்படி அக்கரைப்பற்றிலிருந்து வந்தவன்தானே. தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நீயும் மகளும் வாருங்கள்.

முத்தலிப்


சாய்ந்தமருது.
17.10.1981

அன்புள்ள மச்சான்,

பெருநாளன்று சுல்பிகாவுக்குப் பச்சைச் சட்டை. படம் எடுக்க நினைத்தேன், பிறகு யாருக்கு அனுப்புவது என்று விட்டுவிட்டேன். அப்படி ஒரு கோபம் அன்று.

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மூச்சை வாங்கி வைத்துக்கொள்வது பற்றி எழுதிய பகுதியைச் சுபைறாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "மச்சான் இப்படியெல்லாம் கதைப்பாரா ராத்தா?" என்றாள். கதைக்க மாட்டார், எழுதுவார் என்றேன்.

பதுளை. எப்படி வருவேன், சொல்லுங்கள். இந்த வீட்டை வாப்பா என் பெயருக்கு எழுதி, தானும் உம்மாவும் பின்வளவில் இரண்டு அறைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். சுபைறாவுக்கு வீடு கட்டுவதற்கு இப்போது அத்திவாரம் வெட்டியிருக்கிறது. மூத்தவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் இளையவளைக் கேட்டு வருகிறவர்கள் என்ன கதைப்பார்கள்? மாப்பிள்ளைக்கும் மாமனுக்கும் சரியில்லை என்று கதைப்பார்கள். அது பொய்யும் இல்லை.

வாப்பாவுக்கு அந்தக் குடலிறக்கம் பழையபடி வலிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "வட்டைக்குள்ள தண்ணி பாயிற நேரம் நான் போய்ப் படுக்கவா?" என்கிறார். வயலை விட்டு அவரையும் எடுக்க முடியாது, வீட்டை விட்டு என்னையும் எடுக்க முடியாது. அப்பனும் மகளும் ஒரே சாதி.

எழுபத்தெட்டில் நீங்கள் என்னை இங்கிலாந்துக்குக் கூப்பிட்டதும், நான் வருகிறேன் என்று எழுதிப் பாஸ்போர்ட்டுக்குப் படமும் எடுத்துவிட்டுக் கடைசியில் பின்வாங்கியதும் எனக்கு மறக்கவில்லை. இந்த முறை வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் இருக்க எனக்கு விருப்பமில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. யோசிக்க வேண்டும். களைத்துப்போனேன் மச்சான்.

ஹாஜறா


மருதானை.
2.11.1981

ஹாஜறாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த விஷயமாக இனி நான் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது. மாமாவை வலியோடு வைத்திருக்க வேண்டாம். குடலிறக்கம் இறுகிக்கொண்டால் ஆபத்து, நேரமே இருக்காது. நான் சொன்னேன் என்று சொல்லாதே, அப்போது போகமாட்டார்.

யோசித்து முடிந்ததும் எழுது.

முத்தலிப்


மருதானை.
25.11.1981

ஹாஜறா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். மகள் சுகமா? நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு வரி போதும்.

மழை பெய்கிறது. அறைத்தோழன் லீவில் ஊருக்குப் போய்விட்டான். சோறு சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதுதான் இந்த நாட்களில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. இங்கிலாந்தில்கூட இப்படி இருக்கவில்லை. அங்கே திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

முத்தலிப்


மருதானை.
11.12.1981

அன்புள்ள ஹாஜறா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நேற்றுச் சவூதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். பதினாறாம் திகதி இரவு விமானம். இரண்டு வருடம். பதுளைக்குப் போகவில்லை என்று அமைச்சுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சம்பளத்துக்காகப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள், எல்லோருக்கும் விளங்கும். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். பதுளைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்க என்னால் முடியாது. அங்கே போனால் ஒவ்வொரு நாளும் நீ வரவில்லை என்பதுதான் தெரியும். சவூதியில் என்னைப்போல் ஆயிரம் பேர் மனைவி மக்கள் இல்லாமல் இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

உன்மேல் கோபமில்லை. நீ பதில் எழுதாததை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். பிழையாக எடுத்திருந்தால் அல்லாஹ்தான் என்னை மன்னிக்க வேண்டும். வந்து சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தேன். வந்தால் மகள் மடியில் ஏறுவாள், பிறகு இறக்கிவிட்டு வர வேண்டும். இன்னொரு முறை அதை என்னால் செய்ய முடியாது.

முத்தலிப்


சாய்ந்தமருது.
14.12.1981

அன்புள்ள மச்சான்,

முதலில் நல்ல செய்தி, பிறகு ஏச்சு வாங்கிக்கொள்கிறேன். எனக்கு மாற்றம் வந்துவிட்டது! ஜனவரி நாலாம் திகதி முதல் பதுளை. கட்டளைக் கடிதம் இப்போது என் கையில். பன்னிரண்டு மணிக்கு வந்தது, பகல் சோறு இன்னும் அடுப்பில், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் பன்னிரண்டாம் திகதி வாப்பா வட்டையில் விழுந்துவிட்டார். நீங்கள் பயந்ததுதான், குடலிறக்கம் இறுகிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் இருந்தார், உடனே வெட்ட வேண்டும் என்றார், ஆனால் மயக்க மருந்து டொக்டர் இல்லாமல் இந்த வயதில் கை வைக்க முடியாது என்று வேனில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்பினார். அவர் அதைச் சொன்னபோது நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்க்கவில்லை.

கொட்டும் மழை. கல்லாறு தாண்டும்வரை வாப்பா கத்தினார், பிறகு கத்தவும் இல்லை. கல்லடிப் பாலத்தில் வேன் ஊர்ந்தபோது வாப்பாவின் மூக்கருகில் விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தியேட்டருக்கு வெளியே இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். நீங்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை மச்சான். உள்ளே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வாப்பா இப்போது நலம். கண் விழித்ததும் அவர் கதைத்ததெல்லாம் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுத்த தங்கராசா டொக்டரைப் பற்றித்தான். "கலிமா ஓதணுமா போடியார், ஓதுங்க, நான் இரிக்கன் என்டாரு. ஓதிக்கிட்டுப் போனன். முழிச்சா அதே மனிசன் அதே இடத்துல நிக்கிறாரு. வெட்டினவரு போயிட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நம்மட மருமகன்ட வேலை இதானாகா?" என்றார். ஓம் வாப்பா, இதுதான் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார். உங்களுக்குத் தந்தி அடிக்கக் கேட்டேன், விடவில்லை. "என்ன மொகத்தோட அவருக்கிட்ட சொல்றது?" என்றார். வீடு வந்த அன்றே நான் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வாப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னேன். "போய் இரிங்க. வீடு எங்கயும் ஓடாது" என்றார். சுபைறாவைக் கேட்டு வருகிறவர்கள் கதைக்கிறதைக் கதைக்கட்டுமாம்.

உங்கள் நவம்பர்க் கடிதங்கள் கிடைத்தன. சோறு சமைப்பது பற்றி எழுதியதை வாசித்த அன்று என் சோற்றை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கலாம். ஆனால் ஒருமுறை வருகிறேன் என்று எழுதிப் பொய்யாக்கியவள் நான். இந்த முறை கட்டளை கையில் இல்லாமல் எழுதுவதில்லை என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒரு மாதம் போய்விட்டது.

அமைச்சுக்குப் பதில் சொல்ல இன்னும் பதினேழு நாள் இருக்கிறது அல்லவா? இன்றே போய்ச் சம்மதம் என்று சொல்லுங்கள். குவார்ட்டர்ஸில் என்னென்ன சாமான் இல்லை என்று எழுதுங்கள். சுல்பிகா தன் பெட்டியைத் தானே அடுக்குகிறாள். மலை என்றால் என்ன என்று கேட்டாள். உன் வாப்பா இருக்கிற இடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஹாஜறா


ரியாத்.
3.1.1982

ஹாஜறா,

உன் கடிதத்தை மருதானை அறைத்தோழன் இங்கே திருப்பி அனுப்பியிருந்தான். என் கடிதமும் உனக்குக் கிடைத்திருக்கும். வழியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உன் கடிதத்தைத் தியேட்டர் வாசலில் வைத்து வாசித்தேன். பிறகு உள்ளே போய் மூன்று பேருக்கு மயக்க மருந்து கொடுத்தேன். மூன்று பேரும் கண் விழிக்கும்வரை தலைமாட்டில் நின்றேன்.

ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா என்று கேட்டேன். என் கடவுச்சீட்டு இங்குள்ள அலுவலகத்து அலுமாரியில் இருக்கிறது, இரண்டு வருடம் முடியாமல் வெளியே வராது. குடும்பத்தைக் கூப்பிடவும் இந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. வேலை நல்லது, கருவிகள் நல்லவை, எனக்குத்தான் ஒன்றும் நல்லதாகத் தெரியவில்லை. மாமாவின் தலைமாட்டில் நான் நின்றிருக்க வேண்டும். தங்கராசா டொக்டருக்கு என் ஸலாத்தைச் சொல்லி அனுப்பு.

மாற்றத்தை உடனே நிறுத்தச் சொல்லி எழுது. கல்வித் திணைக்களத்தில் காரணம் சொன்னால் கேட்பார்கள். சின்னப் பிள்ளையோடு தெரியாத ஊரில் தனியாக இருக்க வேண்டாம். வீட்டிலேயே இரு.

முத்தலிப்


பதுளை.
20.1.1982

அன்புள்ள மச்சான்,

உங்கள் டிசம்பர்க் கடிதம் சென்ற மாதம் பதினெட்டாம் திகதியே ஊரில் கிடைத்தது. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். இரண்டு நாள் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்தினேன். மூன்றாம் நாள் வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப நிப்பாட்டுவமா மகள்?" என்றார். நிறுத்த வேண்டாம் என்றேன்.

மாற்றத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் கிடைக்கும்போது நான் இங்கே வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. சுபைறா அதை ஊரிலிருந்து அனுப்பினாள். ஊரில் கிடைத்திருந்தாலும் வந்திருப்பேன். ஏன் என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் நாலு வருடம் உங்களுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தது பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில், என் உம்மா சமைத்துத் தர, என் தங்கச்சி பிள்ளையைப் பார்க்க இருந்ததைக் காத்திருத்தல் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. காத்திருந்தவர் நீங்கள்தான்.

உங்கள் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை, கிடைக்காதுதானே. உங்கள் இடத்துக்கு முதலாம் திகதியே வேறொரு டொக்டர் வந்துவிட்டார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்னறை இரண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாப்பா பிபிலை வழியாக எங்களோடு பஸ்ஸில் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலைப் பூட்டித் தந்துவிட்டு, மறுநாள் போனார். போகும்போது ஆஸ்பத்திரி எது என்று கேட்டார். காட்டினேன். வெளியே றோட்டில் நின்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிருக்குச் சுல்பிகாவின் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. வந்த அன்று எல்லா அறையையும் திறந்து பார்த்தாள். கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல்நாள், உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். மயக்க மருந்து டொக்டர் என்றேன். அப்படியென்றால் என்ன என்று ஓர் இளம் டீச்சர் கேட்டாள். மூச்சை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிற வேலை என்று, நீங்கள் எழுதியதையே சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் இங்கே மாற்றம் எடுத்தீர்களா, இந்த ஆஸ்பத்திரியிலா வேலை என்று தலைமையாசிரியை கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அது பொய் என்று இன்னும் ஒரு கிழமையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். இரண்டு வருடம் இங்கேதான் இருப்பேன். வரும்போது சாய்ந்தமருதுக்குப் போகாதீர்கள் மச்சான், அங்கே நான் இல்லை.

ஹாஜறா